உலோகஞ்சேர் பல்பகுதியமும் ஈரமறிதலும்: ஒரு திறனாய்வு

காற்றிலுள்ள நீராவி கண்ணுக்குப் புலனாகாதது. ஆயினும் அதன் வினை யாண்டும் புலனாவது. மாரிகாலத்திற் குட்டானிலுள்ள பனங்கட்டி கசிவதும், உப்புச்சாடியில் நீர் கோப்பதும், பனாட்டிற் பூஞ்சணம் பூப்பதும், கதவு நிலையில் இறுகுவதும் வடமராட்சியில் எவரும் அறிந்தவை. இவை யாவும் ஒருவகையில் ஈரமறி கருவிகளே. ஆனால் ஈரம் உண்டு என்று காட்டுதல் வேறு. எவ்வளவு உண்டு என்று அளந்து சொல்லுதல் வேறு. முன்னையது பல பொருள்களுக்கும் இயல்வது; பின்னையது மிகச் சில பொருள்களுக்கே கைவருவது. மின்கடத்து பல்பகுதியங்களையும், அவற்றுள்ளும் சிறப்பாக உலோகஞ் சேர்ந்தவற்றையும், ஈரப்பதன் உணரிகளாக முன்மொழிந்து அண்மைக்காலத்தில் வெளிவந்த ஆய்வுரைகள் மிகப் பல. அவை மேற்கூறிய இரண்டனுள் எதனை நிறுவியுள்ளன என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

நெல்லியடி போன்ற ஊரில் இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டாராய்ச்சி அன்று. கரவெட்டி முதலிய அயற்கிராமங்களின் தோட்டங்களில் விளையும் வெங்காயமும் புகையிலையும் நெல்லியடிச் சந்தையை நாடி வருவன. அறுவடைக் காலத்தில் விலை வீழும். சில திங்கள் பொறுத்து விற்பவனுக்கே உழைப்பின் பயன் கிட்டும். பொறுத்திருத்தலோ ஈரத்தோடு நடத்தும் போராட்டமாகும். சேமித்த வெங்காயத்துக்கு 65 முதல் 70 சதவீதம் வரையிலான ஈரப்பதன் ஏற்றது என்று வேளாண்மை நூல்கள் கூறும். அதனின் மிகுந்தால் அழுகும், வேர்விடும். மிகக் குறைந்தால் நிறை இழந்து சுருங்கும். புகையிலையும் அத்தகையதே. மிக உலர்ந்த இலை கையிற்பட நொறுங்கும். மிக நனைந்த இலையிற் பூஞ்சணம் படரும். எனவே கமக்காரனுக்கு வேண்டுவது ‘ஈரம் கூடிற்று’ என்னும் பொதுச்செய்தி அன்று. அதனை அவன் தோலே சொல்லும். 70 சதவீதத்தையும் 80 சதவீதத்தையும் பிழையின்றிப் பிரித்துக் காட்டும் எண்ணே அவனுக்கு வேண்டும். மலிவான கருவியொன்று அவ்வெண்ணைப் பொய்யாகச் சொல்லுமாயின், கருவியே இல்லாமை அதனினும் நன்று. ஏனெனிற் கருவியில்லாதவன் வெங்காயப் பிடியைக் கையால் தொட்டுப் பார்ப்பான். கருவியை நம்பினவன் பாரான்.

இனி, ஈரமளத்தலின் வரலாற்றைச் சுருங்க நோக்குதல் தகும். ஜெனீவா அறிஞர் சொசூர் 1783ஆம் ஆண்டில் மனித மயிரைக்கொண்டு ஈரமானி அமைக்கும் முறையை விரித்து நூலெழுதினார். உலர்ந்த காற்றிலிருந்து ஈரம் நிரம்பிய காற்றுக்குச் செல்லும்போது மயிரின் நீளம் ஏறத்தாழ 2.5 சதவீதம் கூடும். மயிர் புரதத்தாலானது, புரதமோ இயற்கை தந்த பல்பகுதியம். ஆகவே புகழ்பெற்ற முதல் ஈரமானிகளுள் ஒன்றே பல்பகுதியத்தாலானது என்பது குறிக்கத்தக்கது. அதன்பின் ஈர உலர் குமிழ் ஈரமானி பரவலாக வழங்கலாயிற்று. 1938ஆம் ஆண்டில் அமெரிக்க நியமப் பணியகத்தைச் சேர்ந்த டன்மோர் என்பார் இலிதியங் குளோரைட்டுப் படலத்தின் மின்தடை ஈரத்தோடு மாறுவதைப் பயன்கொண்டு, வானிலைப் பலூனிற் கட்டி மேலனுப்பும் மின்ஈரமானியை ஆக்கினார். 1973ஆம் ஆண்டிற் பின்லாந்து நாட்டு வைசாலா நிறுவனம் மெல்லிய பல்பகுதியப் படலத்தின் கொள்ளளவ மாற்றத்தால் ஈரம் அளக்கும் உணரியை வெளியிட்டது. நீரின் சார் அனுமதித்திறன் ஏறத்தாழ 80. பொதுவான பல்பகுதியங்களினது ஏறத்தாழ 3. ஆதலாற் படலம் சிறிதளவு நீரை ஏற்றாலும் கொள்ளளவம் அளக்கத்தக்க அளவு மாறும். இன்று உலகெங்கும் வானிலை நிலையங்களிலும் களஞ்சியங்களிலும் பெருவழக்காயிருப்பது இவ்வகை உணரியே. இதிலுள்ள பல்பகுதியம் மின்கடத்துவதன்று; உலோகமும் அதிற் சேர்க்கப்படுவதில்லை. மின்கடத்து பல்பகுதியத்தைப் புகழ்வோர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய போட்டியாளர் இதுவே.

மின்கடத்து பல்பகுதியத்தின் கதை பலரும் அறிந்தது. பொலித்தீன் முதலிய பல்பகுதியங்கள் மின்னைக் கடத்தாமையாலேயே கம்பிக்கு உறையாயின. எனினும் 1963ஆம் ஆண்டிலேயே அவுத்திரேலிய ஆய்வாளர் சிலர் அயடீன் சேர்ந்த பொலிபிரோல் மின்கடத்துவதைக் கண்டு வெளியிட்டிருந்தனர். அது போதிய கவனம் பெறவில்லை. 1977ஆம் ஆண்டிற் சிராகாவா, மக்டயர்மிட், ஈகர் ஆகியோர் பொலிஅசெற்றலீனுக்கு அலசன் ஆவியை ஊட்டி அதன் கடத்தாற்றைப் பன்மடங்கு உயர்த்திக் காட்டியபின்னரே இத்துறை விரிந்தது. அம்மூவருக்கும் 2000ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வகைச் சேர்வைகளுட் பொலிஅனிலீன் ஈரத்தோடு நெருங்கிய உறவுடையது. அதன் மின்கடத்தல் நீராவியால் உயர்ந்து, நீராவி நீங்க மீண்டும் தாழும் என்பதை மக்டயர்மிட்டும் உடனுழைத்தோரும் 1987ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். சங்கிலியிலுள்ள நைதரசன் அணுக்களிடையே புரோத்தன்கள் மாறிச் செல்ல நீர் துணைநிற்கின்றது என்பது அதற்குத் தரப்படும் விளக்கங்களுள் ஒன்று. ஆனால் நீருக்கு மற்றொரு வினையும் உண்டு. அது பல்பகுதியத்தை வீங்கச்செய்து சங்கிலிகளை ஒன்றினின்று ஒன்று விலக்கும்; விலகவே இலத்திரன் தாவுதல் அரிதாகி மின்தடை கூடும். ஒரே நீர் ஒருவழியாற் கடத்தலைக் கூட்டி மற்றொருவழியாற் குறைக்கும். எவ்வினை மேலோங்கும் என்பது பொருளையும் ஈரத்தின் அளவையும் பொறுத்தது. இவ்விரட்டைத் தன்மையை மறந்தமையே பிற்காலக் குழப்பங்கள் பலவற்றுக்கு வித்தாயிற்று.

இத்தகைய பல்பகுதியத்தோடு உலோகத்தைச் சேர்ப்பது ஏன்? பாடசாலை ஆய்வுகூடத்திற் கோபாற்றுக் குளோரைட்டுத் தாளைக் கண்ட மாணவனுக்கு விடை எளிது. உலர்ந்தபோது நீலமாயிருக்கும் அத்தாள் நனைந்தால் இளஞ்சிவப்பாகும். கோபாற்று அயன் நீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சூழ இணைத்துக்கொள்வதே காரணம். உலோக அயன்கள் பலவற்றுக்கு நீரின்மீது இத்தகைய பற்று உண்டு. அவற்றைக் கடத்துஞ் சங்கிலியோடு பிணைத்துவிட்டால், நீர் வந்து சேரும் இடமும் மின் ஓடும் வழியும் அருகருகே அமையும். நீரின் வருகை மின்னோட்டத்தில் உடனே தோன்றும் என்பது எதிர்பார்ப்பு. இச்சேர்க்கையை மூவகையாகப் பகுப்பர். உலோகம் சங்கிலியிலிருந்து மின்தொடர்பற்ற ஒரு கையாலே தொங்குதல் ஒன்று. சங்கிலியோடு நேரே மின்தொடர்பு கொண்டு இணைதல் மற்றொன்று. சங்கிலியின் ஓர் உறுப்பாகவே அமைதல் மூன்றாவது. கனேடிய அறிஞர் வோல்ஃப் 2001ஆம் ஆண்டில் எழுதிய மதிப்பீட்டுரையில் இப்பகுப்பைக் காணலாம். இம்மூன்றனுள் அடங்காத நான்காவது ஒன்று உண்டு. அதுவே ஈரப்பதன் பற்றிய ஏடுகளில் மிகப் பெருகியது. உலோக ஒட்சைட்டுத் தூளைப் பல்பகுதியத்தோடு கலந்து ஆக்கும் கலப்புப்பொருளே அது. இதில் உலோகம் சங்கிலியோடு பிணைந்ததன்று, உடனுறைவது மட்டுமே. ‘உலோகஞ்சேர் பல்பகுதியம்’ என்னும் ஒரே பெயரால் இந்நான்கனையும் வழங்குதல், வீட்டுப் பிள்ளையையும் வந்த விருந்தாளியையும் ஒரே உறவுமுறையால் அழைத்தலை ஒக்கும்.

இங்கேதான் முதற் கண்டனம் எழுகின்றது. ஈரம் உணர்த்தும் ஆற்றல் உலோகத்தால் வந்ததா, பல்பகுதியத்தால் வந்ததா, இரண்டும் சேர்ந்த நுண்டுளைகளால் வந்ததா என்பதைப் பிரித்தறியாமலே உலோகத்துக்குப் புகழ் சூட்டும் வழக்கம் பெருகியுள்ளது. இந்தியாவிலிருந்து வந்த இரு ஆய்வுரைகள் இதனை நன்கு விளக்கும். தில்லியில் சூரி, அன்னபூரணி, சர்க்கார், தண்டன் ஆகியோர் இரும்பு ஒட்சைட்டையும் பொலிபிரோலையும் ஒருங்கே விளைவித்துப் பெற்ற நுண்கலப்புப்பொருளை வில்லையாக அழுத்தி ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பொலிபிரோலின் செறிவு கூடக்கூட ஈரத்தை உணரும் ஆற்றலும் கூடிற்று என்பது அவர்கள் கண்டது. நேர்மையான முடிவு, ஆனால் அதன் கருத்து யாது? உணர்தலைப் பெருக்கியது பல்பகுதியத்தின் பங்கே என்று அது குறிப்பாலுணர்த்துகின்றது. இரும்பின் பங்கு யாது என்னும் வினா திறந்தே நிற்கின்றது. மற்றொன்று, கருநாடகத்துக் குல்பர்காவிலிருந்து 2006ஆம் ஆண்டில் வெளிவந்த பொலிஅனிலீன் – தங்குதன் ஒட்சைட்டு ஆய்வு. ஈரம் ஏற மின்தடை வீழ்ந்தமைக்கு மேற்பரப்பில் நீர் படிதலும், நுண்டுளைகளுள் நீராவி ஒடுங்கித் திரவமாதலும் காரணங்களாகக் காட்டப்பட்டன. இக்காரணங்கள் ஏற்புடையன. ஆயினும் நுண்டுளையுள் நீர் ஒடுங்குதல் தங்குதனுக்கே உரிய சிறப்பன்று. சுட்ட களிமண்ணிலும் நிகழ்வது. ஆதலின் உலோகத்தின் தனிச்சிறப்பை நிலைநாட்ட விரும்புவோர், அதே பருமனும் துளையும் உடைய வேறொரு தூளைக் கலந்து ஒப்பிட்டுக் காட்டல் வேண்டும். இத்தகைய ஒப்பீடு இத்துறை உரைகளில் அரிதாகவே காணப்படுகின்றது.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்க வேறொன்றும் உண்டு. உலோகஞ் சேராதது என்று கருதப்படும் பல்பகுதியத்திலும் உலோகம் மறைந்திருத்தல் கூடும். பொலிஅசெற்றலீனை ஆக்கும் ஊக்கியில் தைத்தேனியம் உள்ளது. பொலிபிரோலைப் பெரும்பாலும் பெரிக்குக் குளோரைட்டால் ஒட்சியேற்றி ஆக்குவர்; நன்கு கழுவாவிடின் இரும்பும் குளோரைட்டும் உள்ளே தங்கும். நீருறிஞ்சும் அவ்வெச்சம் ஈரத்துக்கு எதிர்வினை காட்டுமன்றோ? உலோகம் சேர்த்த மாதிரி என்றும் சேர்க்காத மாதிரி என்றும் இரண்டை வைத்து ஒப்பிடுவோர், சேர்க்காததில் உண்மையாகவே உலோகம் இல்லை என்பதை முதலில் அளந்து காட்டக் கடமைப்பட்டவர்.

குறை கூறுதல் மட்டும் திறனாய்வு ஆகாது. நெறி எது என்பதும் காட்டல் வேண்டும். நன்னெறிக்கு எடுத்துக்காட்டாக ஒன்றைச் சொல்லலாம். அமெரிக்காவின் மசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்திற் சுவேகர், திங்கா ஆகியோருடன் உழைத்த குழுவினர் 2015ஆம் ஆண்டில், செம்பு அயன்களும் வளைய அமைப்புடைய கரிமச் சேர்வையும் மாறிமாறிப் பிணைந்து தேன்கூடுபோல விரியும் மின்கடத்து சட்டகமொன்றை ஆக்கினர். அது மிகச் சிறிதளவு அமோனியாவையும் மீளத்தக்க வகையில் உணர்த்திற்று. அவர்கள் அவ்வளவில் நிற்கவில்லை. செம்புக்குப் பதில் நிக்கல் அமர்ந்த, அமைப்பால் முற்றும் ஒத்த மற்றொரு சட்டகத்தோடு அதனை ஒப்பிட்டு, அமோனியாவை உணர்தற்குச் செம்பே இன்றியமையாதது என்று நிறுவினர். வடிவு ஒன்று, துளை ஒன்று, உலோகம் மட்டுமே வேறு. எனவே வேற்றுமைக்குக் காரணம் உலோகம். வழக்காடுவோன் சான்றை நிறுத்தும் முறை இதுவன்றோ! அங்கு உணரப்பட்டது அமோனியா, நீராவி அன்று. எனினும் ஈரப்பதன் ஆய்வாளர் கடைப்பிடிக்க வேண்டிய முறை அதுவே.

இரண்டாவது கண்டனம் பிரித்தறியும் ஆற்றல் பற்றியது. சைவசித்தாந்தம் உயிருக்குக் கூறும் இயல்புகளுட் சார்ந்ததன் வண்ணமாதல் ஒன்று. அடுத்த நிறத்தையே தன் நிறமாகக் காட்டும் படிகத்தை அதற்கு உவமை சொல்வர். மின்கடத்து பல்பகுதியமும் ஏறக்குறைய அத்தன்மையதே. நீரைச் சார்ந்தால் நீரின் வண்ணமாகும். வேறொன்றைச் சார்ந்தால் அதன் வண்ணமாகும். மேற்சொன்ன தில்லி ஆய்வின் வில்லைகளே காபனீரொட்சைட்டு, நைதரசன், மெதேன் ஆகிய வாயுக்களுக்கும் எதிர்வினை காட்டின. அவற்றுட் காபனீரொட்சைட்டுக்கு மிகுதியாகக் காட்டின. ஆய்வாளர் இதனைப் பொருளின் பன்முகத் திறனாக எடுத்துரைத்தனர். வாயு உணரி தேடுவோனுக்கு அது திறனாகலாம். ஈரமானி தேடுவோனுக்கோ அது குறையே. பலவற்றுக்கும் விடைசொல்லும் சாட்சி எதற்கும் சாட்சியாகான்.

பொலிஅனிலீனின் நிலை இதனினும் நுட்பமானது. அமோனியா அதிலிருந்து புரோத்தனைப் பறிப்பதால் மின்தடை உயரும். இக்காரணத்தாலேயே அது அமோனியா உணரியாகவும் ஆராயப்படுகின்றது. மாறாக அமில ஆவி புரோத்தனை வழங்கித் தடையைத் தாழ்த்தும். இதனை நெல்லியடிச் சூழலிற் பொருத்திப் பார்த்தல் வேண்டும். வெங்காயம் தொங்கும் கொட்டிலின் அயலில் மாட்டுக் கொட்டில் இருப்பது இயல்பு; அங்கிருந்து எழும் அமோனியா, காற்று உண்மையில் ஈரமாயிருக்கவும், உலர்ந்துள்ளது என்று உணரியைச் சொல்லச்செய்யும். புகையூட்டிப் புகையிலை பதப்படுத்தும் குடிலிலோ, தேங்காய் மட்டை எரிந்த புகையிலுள்ள அசற்றிக்கமிலம் முதலியவை, காற்று உலர்ந்திருக்கவும், ஈரமாயுள்ளது என்று சொல்லச்செய்யும். ஒரே கருவி ஒரு கொட்டிலில் ஒருவகைப் பொய்யும் மற்றொரு கொட்டிலில் அதற்கு எதிரான பொய்யும் உரைக்கும். தூய நைதரசனும் நீராவியும் மட்டுமே புகுந்த கண்ணாடிக் கலத்துள் நடந்த சோதனை இதனை என்றும் வெளிப்படுத்தாது.

மூன்றாவது கண்டனம் அளவையும் அதனைக் கூறும் முறையையும் பற்றியது. ஈரம் குறைந்த நிலையிலும் மிகுந்த நிலையிலும் உள்ள மின்தடைகளை வகுத்து, அவ்விகிதத்தையே ‘உணர்திறன்’ என்று தலைப்பிற் பொறிக்கும் வழக்கம் இத்துறையில் வேரூன்றியுள்ளது. ஆயிரம் மடங்கு மாறிற்று என்னும் சொல் கேட்போரை மயக்கும். ஆனால் அம்மாற்றத்தின் பெரும்பகுதி 90 சதவீதத்துக்கு மேலே நிகழ்ந்திருப்பின் வெங்காயக் கொட்டிலுக்கு அதனால் யாது பயன்? இலங்கையின் கரையோரத்தில் ஈரப்பதன் பொதுவாகப் பகலில் 70 சதவீதத்தளவிலும் இரவில் அதனினும் மிக உயர்ந்தும் நிற்பது. இங்கு வேண்டுவது 60க்கும் 90க்கும் இடைப்பட்ட சிறு வெளியில் ஒவ்வொரு படியையும் தெளிவாகக் காட்டும் பொருள். 10 முதல் 95 வரை என்ற பரந்த எல்லை காகிதத்திற் பெருமை தரலாம். பயன் தருவது அவ்விடைவெளியின் நேர்மையே.

மேலும், ஈரம் ஏறும்போது காட்டும் எண்ணும் இறங்கும்போது காட்டும் எண்ணும் ஒன்றாயிருத்தல் வேண்டும். நீர் உட்புகுதல் எளிது. உலோக அயனைப் பற்றிய நீர் விட்டகலுதல் அரிது. ஆதலால் உலோகத்தின் பற்று எவ்வளவு வலிதோ, பின்னிடைவும் அவ்வளவு பெரிதாகும் என்று எதிர்பார்க்கலாம். இதுவே இத்துறையின் உள்ளார்ந்த முரண்பாடு. நீரை ஈர்க்கும் அதே குணம் நீரை விடாத குணமும் ஆகின்றது. பற்றவும் வேண்டும், பற்றறவும் வேண்டும். இரவில் 90 சதவீத ஈரத்தை ஏற்ற உணரி மறுநாள் நண்பகலில் உண்மையான 70க்குப் பதிலாக 78 என்று காட்டுமாயின், உடைமைக்காரன் காற்றோட்டம் வேண்டாத நேரத்திற் கொட்டிலைத் திறந்துவிடுவான். 5 சதவீத எல்லைக்குள் நிற்கவேண்டிய பொருளுக்கு 8 சதவீதப் பின்னிடைவு சிறு குறையன்று.

வெப்பநிலையும் இதிற் குறுக்கிடும். பல்பகுதியத்தின் மின்தடை பொதுவாக வெப்பம் ஏறக் குறையும். நண்பகலில் வெப்பம் ஏறும், சாரீரப்பதன் இறங்கும். ஈரம் இறங்கத் தடை உயரவேண்டும். வெப்பம் ஏறத் தடை தாழவேண்டும். இரண்டும் எதிரெதிர் இழுக்க, ஊசி அசையாது நிற்பதும் உண்டு. 25 பாகை செல்சியசில் மட்டும் நடத்திய சோதனை இம்மயக்கத்தை மறைத்துவிடுகின்றது. நேரோட்டத்தில் அளப்பதும் அத்தகைய குறையே. நீர் மிகுந்த நிலையிற் கடத்துவன அயன்கள்; நேரோட்டம் அவற்றை ஒருமுனைக்கு ஒதுக்கும், நாளடைவில் மின்வாய்களை அரிக்கும், உலோக அயன்களை இடம்பெயர்க்கும். இதனாலேயே தேர்ந்த ஈரமானிகளில் ஆடலோட்டம் பயன்படுகின்றது. எவ்வோட்டத்தில் அளக்கப்பட்டது என்பதைக்கூடக் கூறாத உரைகளின் எண்களை எங்ஙனம் ஒப்புநோக்குவது?

நான்காவதாகச் சொல்லவேண்டியது கடலைப் பற்றியது. நெல்லியடிக்கு வடக்கே சில கிலோமீற்றரிற் கடல். தெற்கே தொண்டைமானாற்றோடு தொடர்ந்த உவர்நீரேரி. வாடைக்காற்று கொண்டுவரும் நுண்ணிய உப்பு மரத்திலும் ஓட்டிலும் தகரத்திலும் படிவதுபோல உணரியின்மீதும் படியும். சோடியங் குளோரைட்டு, 25 பாகை செல்சியசில், ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்து நீரை ஈர்த்துத் தானே கரைந்து நீர்மயமாகும். கடலுப்பிற் கலந்துள்ள மகனீசியங் குளோரைட்டோ ஏறத்தாழ 33 சதவீதத்திலேயே அந்நிலையை அடைந்துவிடும். சமையற்கட்டின் உப்புச்சாடி கசிவதற்கு அதுவும் ஒரு காரணம். உப்புநீர் நன்கு மின்கடத்துவது. ஆகவே உணரிமேற் படிந்த உப்பு, 75 சதவீதத்தை அண்டிய இடத்தில், பல்பகுதியத்தின் குரலை அமுக்கித் தன் குரலையே உயர்த்தும். கெடுவாய்ப்பாக, வெங்காயத்துக்கு ஏற்ற எல்லையும் கேடான எல்லையும் சந்திப்பது அவ்விடத்துக்கு அருகேயே. கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள தில்லியிலும் குல்பர்காவிலும் இவ்வினா எழாமை இயல்பு. அங்கு வென்ற பொருள் இங்கும் வெல்லும் என்று கொள்ளுதலே பிழை.

ஐந்தாவது, காலம். பொலிஅனிலீனின் கடத்தலுக்கு ஆதாரமான அமில எதிரயன் ஈரத்தில் ஊறி மெல்ல மெல்ல வெளியேறக்கூடும். வளியின் ஒட்சிசனும் வெயிலும் சங்கிலியைப் பழுதாக்கும். சில வாரங்களில் முடிந்த சோதனையைக் கொண்டு ‘நிலைபேறுடையது’ என்று முடிவுரைத்தல், ஒரு போகத்தைக் கண்டு நிலத்தின் வளத்தைத் தீர்ப்பிடுதல் போன்றது.

இத்துணையும் கூறியதனால் இத்துறை பயனற்றது என்று கொள்ளுதல் கூடாது. இதன் நற்பண்புகள் பொய்யல்ல. வெண்களி போன்ற ஒட்சைட்டு உணரிகள் பலவற்றை இடையிடையே சூடேற்றித் தூய்மை செய்தல் வேண்டும். பல்பகுதியம் அறை வெப்பநிலையிலேயே தொழிற்படும். அதனைக் கரைசலாக்கி மையைப்போல் அச்சிடலாம். மின்வலு மிகச் சிறிதே செலவாகும். தடையை அளக்கும் சுற்றும் எளியது. உலோகத்தை மாற்றியும் அதனைச் சூழ்ந்த கரிமப் பகுதியை மாற்றியும் நீர்மீதுள்ள பற்றைக் கூட்டவோ குறைக்கவோ இடமுண்டு. மேற்சொன்ன முரண்பாட்டைத் தீர்க்கும் வழி ஒன்று உண்டாயின் அஃது இங்கேயே உண்டு. நீரை மெல்லப் பற்றி எளிதில் விடும் உலோகத்தை, தூளாகக் கலவாமல், சங்கிலியில் அறிந்த இடத்தில் அமர்த்துதலே அவ்வழி. ஆகையால் விருந்தாளி உலோகத்தினின்று வீட்டுப் பிள்ளை உலோகத்தை நோக்கி இத்துறை நகருமாயின் அது வளர்ச்சி. புதுப்புது ஒட்சைட்டுப் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கலந்துபார்ப்பதோடு நிற்குமாயின் அது பட்டியல்.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய அறிவு இலங்கைக்குப் புதிதன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையிற் பேராசிரியர் ரவிராஜனும் அவருடன் உழைத்தோரும் குறைகடத்திப் பல்பகுதியத்தைத் தைத்தேனிய ஈரொட்சைட்டோடு சேர்த்துச் சூரியக்கலம் ஆக்கும் ஆய்வுகளை வெளியிட்டுள்ளனர். பேராதனையிற் பேராசிரியர் திசாநாயக்க முதலியோர் உலோக உப்புச் சேர்ந்த அயன்கடத்து பல்பகுதியங்களை நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். உலோகமும் பல்பகுதியமும் சந்திக்கும் எல்லையில் நடப்பதை அறிந்த கைகள் இந்நாட்டில் உள்ளன. ஈரம் அவ்விருவகை ஆய்வுக்கும் பகைவனாகவே கருதப்பட்டு விலக்கப்படுவது. அப்பகைவனையே ஆராய்ச்சிப் பொருளாக்கினால் ஈரமானி பிறக்கும்.

பொருளை ஆக்குவதற்குப் பல்கலைக்கழகம் வேண்டும். பொருளைச் சோதிப்பதற்கோ வடமராட்சிப் பாடசாலையொன்றின் ஆய்வுகூடமே போதும். மூடிய போத்தலில் நிரம்பிய உப்புக்கரைசலை வைத்தால், 25 பாகை செல்சியசில் அதன் மேலுள்ள காற்றின் ஈரப்பதன் மாறாது நிற்கும்: இலிதியங் குளோரைட்டுக்கு ஏறத்தாழ 11 சதவீதம், மகனீசியங் குளோரைட்டுக்கு 33, சோடியங் குளோரைட்டுக்கு 75, பொற்றாசியங் குளோரைட்டுக்கு 84, பொற்றாசியஞ் சல்பேற்றுக்கு 97. ஐந்து போத்தல்களும் ஐந்து உப்புகளும் ஓர் ஈரமானியை அளவுகோடிடப் போதுமானவை. உணரியை இவ்வைந்திலும் ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் வைத்து அளந்தபின், ஒன்றை வெங்காயக் கொட்டிலிலும், ஒன்றைப் புகையிலைக் குடிலிலும், ஒன்றைக் கடற்காற்றுப் படும் திண்ணையிலும் ஓராண்டு தொங்கவிட்டு, திங்கள்தோறும் மீட்டெடுத்துப் போத்தல்களில் மீண்டும் அளந்தால், பெருஞ்செலவு செய்த பல உரைகள் சொல்லாத உண்மை வெளிப்படும். அருகே உலோகஞ் சேராத அதே பல்பகுதியத்தையும், சந்தையிற் கிடைக்கும் கொள்ளளவ உணரியையும் தொங்கவிடுதல் இன்றியமையாதது. முன்னதை வெல்லாத உலோகம் வீண். பின்னதை ஒவ்வாத பல்பகுதியம் வீண்.

முடிவாகச் சொல்லத்தக்கது இது. மின்கடத்து பல்பகுதியம் நீரை அறியும் என்பது 1987ஆம் ஆண்டு முதல் ஐயமறத் தெளிவாயிற்று. உலோகம் சேர்வதால் அவ்வறிவு கூர்மையடையும் என்பது பல உரைகளிற் சொல்லப்பட்டதேயன்றிச் சிலவற்றிலேயே நிறுவப்பட்டது. அது நீரை மட்டுமே அறியும் என்பதும், நேற்று அறிந்தவாறே இன்றும் அறியும் என்பதும், உப்புக்காற்றிலும் புகையிலும் தன்னிலை திரியாது என்பதும் பெரும்பாலும் சோதிக்கப்படாமலே உள்ளன. அறிதல் எளிது, அறிந்ததைத் திரிபின்றிக் கூறுதலே அரிது. அவ்வரிய பணிக்குத் தகுதி பெற்ற பொருள் எது என்று தீர்ப்பிடும் உரிமை, அதனை நம்பி விளைவைச் சேமித்து வைப்பவன் வாழும் இடத்துக் காற்றுக்கே உரியது.